லேண்ட் ரோவரில் ரேடியோவுக்கு இடம் தேடி

1958இலிருந்து 1971 வரை வந்த சீரிஸ் டூ, டூ-ஏ லேண்ட் ரோவர்களில் டேஷ்போர்டு என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒரு இரும்புத் தகடு, அதில் இரண்டு வட்ட மீட்டர், சாவித் துளை, சில சுவிட்சுகள். இரண்டு பக்கமும் கையுறை, கயிறு, வரைபடம் என்று எதையும் வீசி வைக்க ஒரு திறந்த தட்டு. அவ்வளவுதான். வயலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போய்வரச் செய்த வண்டியில் ஒருவன் பாட்டுக் கேட்க ஆசைப்படுவான் என்று சோலிஹல் தொழிற்சாலையில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ரேடியோவுக்கு அங்கே பொந்து கிடையாது. அதனால்தான் இந்த வண்டிக்கு ரேடியோ பொருத்துவதில் இவ்வளவு ருசி.

இன்றைய கார் ரேடியோ 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரத்தில் செவ்வகத் துளை கேட்கிறது. அதற்காக ரம்பத்தை எடுத்து நடுத் தகட்டை வெட்டியவர்கள் உண்டு. அந்த வண்டிகளைப் பார்த்தால் வயிறு எரியும். அறுபது வருஷம் சேற்றையும் மழையையும் தாங்கிய தகடு ஒரு மத்தியானத்தில் போய்விடுகிறது. பழைய ரேடியோ அவ்வளவு இடம் கேட்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள், நடுவே கண்ணாடியும் பட்டன்களும் கொண்ட சின்ன மூக்கு. இவை மட்டும்தான் முன்னால் தெரியும். தட்டுக்குக் கீழே ஒரு பிராக்கெட்டைத் தொங்கவிட்டு அதில் மாட்டிவிடலாம். புதுத் துளை ஒன்றுகூடப் போடாமல், இருக்கிற திருகுகளிலேயே பிராக்கெட்டைப் பிடித்து, கியர் லீவரை முன்னே தள்ளும் கை ரேடியோவில் இடிக்காதபடி செய்கிறவன் கைகாரன்.

அடுத்தது மின்சாரம். 1967 வாக்கில் மாறும்வரை இவை பாசிட்டிவ் எர்த் வண்டிகள்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இக்கால ரேடியோவின் பெட்டியோ நெகட்டிவ். யோசிக்காமல் முடுக்கினால் ஃபியூஸ் போகும்; நேரம் சரியில்லையென்றால் ரேடியோவே போகும். ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பது பொருத்தத்தையும் பார்க்காமல் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா, இங்கே ரஜ்ஜு இதுதான். ரேடியோமொபைல் என்ற கம்பெனியின் அக்காலச் செட்டுகள் பலவற்றில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள வசதி இருந்தது.

அந்தச் செட்டுகளின் பட்டன்களுக்காகவே நான் அவற்றின் பக்கம். பிடித்த நிலையத்தைக் குமிழைத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டனை முன்னால் இழுத்து, பிறகு ஒரே அழுத்தாக உள்ளே தள்ள வேண்டும். தீர்ந்தது. பட்டனுக்குப் பின்னால் ஒரு உலோக நாக்கு அந்தக் கோணத்திலேயே இறுகி நின்றுவிடுகிறது. அடுத்த தடவை அழுத்தும்போது அது ஒரு சட்டத்தைத் தள்ள, கம்பிச்சுருள்களுக்குள் ஃபெரைட் குச்சிகள் வழுக்கிப்போய் அதே இடத்தில் நிற்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் முள் ‘டக்’கென்று தாவுகிறது. வீட்டு ரேடியோவில் தகடுகள் சுழலும் கண்டென்சர் இருக்கும். குலுங்கும் வண்டியில் தகடு அதிர்ந்தால் நிலையமும் ஆடும் என்பதால்தான் கார் ரேடியோக்காரர்கள் குச்சிக்குப் போனார்கள். பேட்டரியைக் கழற்றி ஆறு மாதம் கழித்து மாட்டினாலும் இந்தப் பட்டன் மறக்காது.

பெட்ரோல் வண்டியென்றால் ஒவ்வொரு பொறியும் ஸ்பீக்கரில் படபடக்கும். பிளக் மூடியில் ரெசிஸ்டர், காயிலிலும் டைனமோவிலும் கண்டென்சர் என்று போட்டு அடக்க வேண்டும். டீசல் வண்டிக்காரருக்குப் பொறித் தொல்லை கிடையாது. ஆனால் அந்த இன்ஜின் இரைச்சலில் அவருக்கு ரேடியோ கேட்டால்தானே! ஏரியல் சொருகும் இடத்தருகே ஒரு சின்னத் திருகு இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெல்லக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு அதை இம்மி இம்மியாகத் திருகினால், ஓரிடத்தில் குரல் எழும்பி வரும். இதைச் செய்யாமலேயே ‘செட்டு இழுக்கவில்லை’ என்று விற்றுவிடுகிறவர்கள் அநேகம்.

ஓடும்போது என்னதான் கேட்கும்? கியர்பாக்ஸ் ஊளை, டயர் இரைச்சல், கதவு இடுக்கில் காற்று. இதில் நாலு ஸ்பீக்கர் வைத்து ஸ்டீரியோ கேட்பது வீண் செலவு. அடியும் உச்சியும் இல்லாமல் நடுக்குரலை மட்டும் தருகிற மத்திய அலை, ஒரே ஒரு ஸ்பீக்கர், ஒரு மனிதர் பேசுவது: இந்த வண்டிக்கு அதுதான் எடுக்கிறது. பிரிட்டனில் பலரும் நீண்ட அலைப் பட்டனை பி.பி.சி.யின் டெஸ்ட் மேட்ச் வர்ணனைக்கு வைத்திருந்தார்கள். 2023 ஆஷஸோடு நீண்ட அலையில் அது நின்றது. (1971 வரை அங்கே காரில் ரேடியோ வைக்கவே தனி லைசென்ஸ் வேண்டும். தபாலாபீஸில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இராது.) நம் ஊருக்கு வந்தால் அந்தப் பட்டனுக்கு வேலையே இல்லை, இங்கே நீண்ட அலை ஒலிபரப்பு கிடையாது. முகப்பு எண்கள் மீட்டரில் இருக்கும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸை 320 மீட்டருக்குப் பக்கத்தில் தேட வேண்டும்.

பழைய முகத்தோடு, உள்ளே புளூடூத் வைத்துப் புதுச் செட்டுகள் வருகின்றன. ஜாகுவார் லேண்ட் ரோவரே பழைய வண்டிகளுக்கென்று தொடுதிரை வைத்த ஒன்றை விற்றது. பொந்து உள்ள வண்டிகளுக்குச் சரி. சீரிஸ் டூவின் சாம்பல் தகட்டருகே அந்தக் குரோமியப் பளபளப்பு ஒட்டவில்லை. பழைய பெட்டியைக் காலிசெய்து உள்ளே புது மின்சுற்றுப் பலகை வைப்பதும் நடக்கிறது. செத்த செட்டென்றால் ஆட்சேபமில்லை. பாடுகிற செட்டின் குடலை உருவுவதை மன்னிக்க முடியாது. அந்தப் பட்டன்கள் வெறும் பொம்மையாகிவிடும்.

இங்கிலாந்தில் பியூலி மோட்டார் மியூசியத்தில் 1967 முதல் நடக்கும் பழைய பாகச் சந்தை போன்ற இடங்களில் இவை கிடைக்கும். வாங்கும்போது குமிழ்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். செட்டைவிட அதன் ஜோடிக் குமிழ் கிடைப்பதுதான் கஷ்டம். பழைய ஸ்பீக்கரையும் சேர்த்தே கேளுங்கள். ஓம் கணக்கு பொருந்தாத ஸ்பீக்கரை மாட்டினால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும், அதற்கு மாற்று தேடுவது இன்னொரு அலைச்சல்.