பார்ப்போரும் பார்க்கப்படுவோரும்: மன்னார்க் கரையை முன்வைத்துச் சமகால ஓவியக் கண்காட்சிகள் பற்றிய சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ்க் கலைகள் பற்றிய ஆய்வுகளில் இலக்கியமும் நாடகமும் பெற்ற கவனத்தை ஓவியமும் சிற்பமும் பெறவில்லை. ஓவியம் பற்றி எழுதப்பட்டவற்றிலும் பெரும்பாலானவை ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பாகவோ பாணி பற்றிய வருணனையாகவோ முடிந்துவிடுகின்றன. ஓவியத்தைப் பார்ப்பவர் யார், எவ்விடத்தில் நின்று பார்க்கிறார், ஓவியத்துக்குப் பொருளான மக்கள் அப்பார்வையாளரிடையே இடம்பெறுகின்றனரா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை மன்னார்த்தீவையும் அதனை அடுத்த கரையையும் முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னாரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கொழும்பிலே லயனல் வென்ற் கலைக்கூடம் முதல் தனியார் காட்சியறைகள் வரை பரந்து கிடக்கும் கண்காட்சி மரபு மன்னாரில் வேரூன்றவில்லை. ஆயினும் பிறரால் மிக நீண்டகாலமாகப் பார்க்கப்பட்டும், வரையப்பட்டும், வருணிக்கப்பட்டும் வந்த கரைகளுள் இதுவும் ஒன்று. பார்க்கப்படும் பொருளாக இருப்பதற்கும் பார்க்கும் சமூகமாக இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இங்கே தெளிவாக அளந்து காணலாம்.

1

மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பகுதியின் அரிப்புக் கடற்கரையில் டொறிக் எனப்படும் கட்டடத்தின் சிதைவுகள் நிற்கின்றன. 1798 முதல் 1805 வரை ஆங்கிலேய ஆளுநராக இருந்த பிறெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யும்போது தங்குவதற்கென 1801 – 1804 காலப்பகுதியில் இதனைக் கட்டுவித்தார். கிரேக்கக் கட்டடக் கலையின் தூண் வகையொன்றே இதற்குப் பெயராயிற்று. செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட இம்மாளிகை, கடலை நோக்கிய உயர்ந்த நிலத்தில் அமைந்தது. அதன் மேற்றளத்தில் நிற்பவருக்குக் கடல், தோணிகள், கரையிற் குவியும் சிப்பி ஆகியவை ஒரே காட்சியாகத் தெரியும். இக்கரையில் கலைக்காட்சிக்குரிய பார்வை முதன்முதலில் நிறுவனவடிவம் பெற்ற இடம் இதுவே எனலாம். பார்ப்பவர் மேலே நிற்கிறார். பார்க்கப்படுபவர் கீழே, நீருக்குள் மூழ்கியிருக்கிறார்.

சலாபத்தின் பொருளியல் அடிப்படை இப்பார்வையைப் புரிந்துகொள்ள உதவும். 1906இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற சலாபத்தில் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கும் சென்றதைப் பதிவு செய்துள்ளார். தமிழரும் அரபியருமாகப் பல கரைகளிலிருந்து வந்த குளியாளர், காலிற் கல்லைக் கட்டிக் கடலடிக்கு இறங்கினர். அதே ஆண்டில் முத்துப்பார்கள் இலண்டன் நிறுவனமொன்றுக்குக் குத்தகையாகின. அடுத்த சில ஆண்டுகளிலேயே சலாபம் நொடிந்தது. குளியாளர் கடலடியில் கண்டது எது என்பதற்கு எந்த ஓவியமும் இல்லை. மேற்றளத்திலிருந்து கண்டவற்றுக்கே சித்திரங்களும் நூல்களும் உண்டு.

இப்பார்வையின் உச்சத்தைப் பாரிஸ் நகரிலே காண்கிறோம். ஜோர்ஜ் பிசே இசையமைத்த ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் 1863 செப்டெம்பரில் அங்கு அரங்கேறியது. அதன் களம் பண்டைய இலங்கை. முதலில் மெக்சிக்கோவைக் களமாகக் கொண்டு எண்ணப்பட்ட கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. களத்தை மாற்றியும் கதைக்கு இடர் நேரவில்லை என்றால், முத்துக்குளிப்போர் அந்நாடகத்தில் பெயரளவில் மட்டுமே இருந்தனர் என்பது பெறப்படும்.

பழைய காலத்துக் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 2020இல் மன்னார்த்தீவின் தென்கரையோரமாக 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. தூரத்திலிருந்து படம்பிடிப்பவருக்கு அவை அழகிய வரிசை. 2025இல் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிமமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தபோது, அதே வரிசை மீன்பிடியும் நீரோட்டமும் பற்றிய அச்சமாக அவர்களுக்குத் தெரிந்தமை வெளிப்பட்டது. நிற்கும் இடம் மாற, காட்சியின் பொருளும் மாறுகின்றது.

2

காட்சியறை இல்லாமையைக் கொண்டு மன்னாரிலே கலைநுகர்வு இல்லை என்று முடிவுகட்டுவது தவறாகும். இங்குக் கண்ணும் செவியும் பயிற்சி பெற்ற இடம் கூத்துமேடை. கத்தோலிக்க மக்களிடையே வடபாங்கு, தென்பாங்கு நாடகங்களும் வாசாப்பும் நீண்டகாலம் வழங்கிவந்துள்ளன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலான மன்னார் நாடகங்களை அச்சிற் கொணர்ந்தார். ஏட்டில் இருந்த பிரதி பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது அப்போதுதான்.

கூத்தின் பார்வையாளர் அதனைத் தயாரிப்போரும் ஆவர். நடிப்பவர் உறவினர், உடைக்கும் ஒளிக்கும் பணம் திரட்டியது ஊர், பாடல் தவறினால் திருத்தும் அறிவும் ஊருக்கு உண்டு. அண்ணாவியாரின் அதிகாரம் அந்த அறிவின் முன்னிலையிலேயே செல்லுபடியாகும். காட்சியறையின் பார்வையாளருக்கு இத்தகைய உரிமை இல்லை.

எனினும் ஊர்ப்பொதுவை இலட்சியப்படுத்துவதும் ஆபத்தானது. கூத்து ஊரை ஒன்றுசேர்த்தபோதே யார் எந்தப் பாத்திரம் ஏற்கலாம், யார் எங்கே அமரலாம் என்பதையும் நிர்ணயித்தது. பெண்பாத்திரத்தை ஆண்களே ஏற்ற காலம் நீண்டது. சாதியும் சமயமும் மேடைக்கு வெளியே நிற்கவில்லை. ஊர்ப்பொது ஏற்காத ஒன்றைச் சொல்ல விரும்பும் தனிக்கலைஞருக்குக் காட்சியறையின் வெண்சுவர் பாதுகாப்புத் தருகின்றது என்பதையும் மறுத்தலாகாது.

3

வடபுலத்து நவீன ஓவியத்தின் சமூக அடித்தளம் கொழும்பினின்றும் வேறானது. 1943இல் லயனல் வென்ற் தலைமையில் உருவான ‘43 குழுவுக்குப் பின்னால் நகர்ப்புற உயர்வர்க்கத்தின் ஆதரவு இருந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1938இல், எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடக்கினார். அடுத்த தலைமுறையில் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் குழாத்தை வழிநடத்தினார். ‘விடுமுறைக்காலம்’ என்னும் சொல்லே நிலைமையை விளக்கும். ஓவியம் வாங்குவோர் இல்லாத சூழலில் அக்கலையைக் காத்தவர்கள் சித்திர ஆசிரியர்கள். தொழில் தந்த ஓய்விலேயே கலை நடந்தது. இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்கிலும் நுண்கலை பயின்று வெளியேறுவோரிற் பலருக்குப் பிழைப்புத் தருவது பாடசாலையே. மன்னார்ப் பிள்ளைகளுக்கு ஓவியத்தை அறிமுகம் செய்வோரும் இவ்வாசிரியரே.

இம்மரபின் தொடர்ச்சியாகப் போர்க்காலத்தில் எழுந்த கலை, பார்வையாளர் பிரச்சினையை நேரடியாக எதிர்கொண்டது. தா. சனாதனன் 2004இல், 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், குடாநாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டு ஒரு படைப்பை அமைத்தார். போரைக் கண்டவர்கள் கொடுத்த சின்னஞ்சிறு பொருள்களே கலைப்பொருளாயின. பொருளைக் கொடுத்தவரே பார்க்கவும் வரக்கூடிய ஊரில், தம் வீட்டுப் பொருளை நூலகத்தில் தேடிக்காணும் பார்வையாளர் உருவாகிறார். இது கூத்தின் பொதுவுக்கு மிக அண்மையானது.

அவரது மற்றொரு படைப்பு 2011இல் நூலாக வந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அத்தகைய 80 வீடுகள், கட்டடக் கலைஞரின் திருத்தமான வரைபடத்தோடும் ஓவியரின் சித்திரத்தோடும் கோவையாக்கப்பட்டுள்ளன. கண்ணீரைத் தூண்டும் முகங்கள் இதில் இல்லை. கிணறு எங்கே, வேம்பு எங்கே, சாமியறை எங்கே என்னும் குறிப்புகள்தாம் உள்ளன. அலுவலகக் கோவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டமையால், நூலைப் புரட்டுபவர் காணிப்பதிவாளரின் கதிரையில் அமர்த்தப்படுகிறார். உரிமையை ஏற்பதா மறுப்பதா என்னும் பொறுப்பு அவர்மேல் விழுகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களை நினைக்கும்போது இவ்வடிவத்தின் வலிமை மேலும் புலப்படும். எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் வெளியேறியவர்களுக்குத் தளப்படம் வெறும் நினைவாக நின்றுவிடாமல் வழக்காகவும் விரிகின்றது. வடபுலத்துத் தமிழ்ப்பொது கேட்கத் தயங்கிய வழக்கு அது.

4

இத்தகைய படைப்புகள் இன்று எங்கே பார்க்கப்படுகின்றன? 2013இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் விழாவும், 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் வடக்கு கிழக்குக் கலைஞருக்குத் தலைநகரில் இடம் தந்துள்ளன. அவ்வருங்காட்சியகத்தின் முதற் கண்காட்சி சேரனின் கவிதையொன்றிலிருந்து தலைப்பைப் பெற்றமையும், மும்மொழியிலும் விளக்கம் தரும் அதன் நடைமுறையும் வரவேற்கத்தக்கன. தமிழ் வாசகர் தம் மொழியில் ஒரு படைப்பின் முன் நின்று வாசிப்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் காட்சியறைத் திறப்புவிழா ஒரு சமூக நிகழ்வும் ஆகும். அழைப்பிதழ், ஆங்கிலப் பேச்சு, பானம், விலைப்பட்டியல் ஆகியவை சேர்ந்தே அதன் பொதுவை உருவாக்குகின்றன. வடக்கின் இழப்பு சுவரில் தொங்கும்போது, இழந்தவர் அவ்விடத்தில் இல்லாமலிருப்பது தற்செயல் அல்ல. பயணச் செலவு, மொழி, வர்க்கம் ஆகியவை அதனைத் தீர்மானிக்கின்றன. கலைஞர் கரையிலிருந்து வந்திருப்பினும் பார்வையின் அமைப்பு டொறிக் மேற்றளத்துக்குரியதாகவே நின்றுவிடக்கூடும். இங்குக் குறை காணவேண்டியது படைப்பின்மேல் அல்ல; படைப்பு ஊருக்குத் திரும்பாத ஒருவழிப் பாதையின்மேல்.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய தொடர் போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்தனர். தமிழ்ப் பகுதிகளில் அண்மைக்காலத்தில் மிகப் பலரால் பார்க்கப்பட்ட படங்கள் அவையே. அவற்றைக் ‘கலை’ என்று அழைத்துக் காட்சியறைக்கு எடுத்துச் செல்ல முற்படும் ஆர்வம் அவ்வப்போது எழுகின்றது. அப்படங்கள் கேட்பது இரசனையை அன்று, விடையை. விடை கிடையாதவரை அவற்றுக்குச் சட்டமிட்டு மாட்டுவது கேள்வியை மூடிவைப்பதாகவே முடியும்.

5

மேற்கூறியவற்றிலிருந்து விமர்சனத்துக்குரிய அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. ஒரு கண்காட்சியை மதிப்பிடும்போது படைப்பின் வடிவநேர்த்தியோடு, பொருளாக்கப்பட்டவருக்குப் பார்வையாளராகவும் மறுத்துரைப்பவராகவும் அமர இடம் உண்டா என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். அவ்விடம் தானாகத் தோன்றாது. கொழும்பிலே காட்டப்படும் வடபுலப் படைப்பு மன்னாரின் பாடசாலை மண்டபத்திலோ பங்கு மண்டபத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ ஒரு வாரமேனும் வைக்கப்படவேண்டும். அங்கே உள்ளூர்ச் சித்திர ஆசிரியர் வழிகாட்டியாகவும், ஊரவர் திருத்துபவராகவும் இருத்தல் வேண்டும். ஏட்டை ஒலித்துத் தவறைச் சுட்டிய கூத்துப்பொதுவுக்கு இது புதிய பழக்கமன்று. அன்று மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களும், சாதியாலும் சமயத்தாலும் விலக்கப்பட்டோரும் இம்முறை உள்ளே அமர்வதுதான் புதியதாக இருக்கவேண்டும்.

டொறிக் மாளிகையின் தூண்கள் கடலரிப்பால் விழுந்துகொண்டிருக்கின்றன. அதன் மேற்றளத்திலிருந்து பழகிய பார்வையைக் கடல் அரித்துவிடாது. அதனை மாற்றுவது கலைஞர், விமர்சகர், ஆசிரியர் ஆகியோரின் கூட்டுப்பணியாகும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களும் அதில் தமக்குரிய பங்கை ஏற்கவேண்டும்.