ஏரிக்கரையிலிருந்து விண்கலத்துக்கு

கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டச் செல்லும் தாய்மார் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கின்றனர். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பாராமல் விட்டால் என்னவாகும் என்ற அச்சம் அவர்களுக்குப் புதிதன்று. 'ஃப்ரைடே த தேர்ட்டீந்த்' (1980) என்னும் அமெரிக்கக் கொலைத் திகிற்படத்தின் வேரும் அதே அச்சந்தான் என்றால் நம் மாணவ நண்பர்கள் வியப்புறக்கூடும். ஏரிக்கரை விடுமுறை முகாமொன்றின் சமையற்காரி பமீலா. காவலிருக்க வேண்டிய இளைஞர்களின் கவனமின்மையால் அவள் மகன் ஜேசன் நீரில் மூழ்கினான். முதற்படத்தில் கத்தியை ஏந்துபவள் அத்தாயே. இரத்தத்தைக் காட்டிக் காசு பறித்த படந்தான் அதுவும். ஆயினும் அதன் கொடுமைக்கு ஒரு காரணம் இருந்தது.

தொடரின் பத்தாவது படமான 'ஜேசன் எக்ஸ்' (2001), குளிரில் உறையவைத்த ஜேசனை 2455ஆம் ஆண்டின் விண்கலமொன்றில் ஏற்றிவிட்டது. அங்கே சமையற்காரியும் இல்லை, அவள் துயரும் இல்லை. நுண்ணியந்திரங்கள் அவனுக்கு உலோக உடல் அளிக்கின்றன. தலைகள் முன்போலவே உருள்கின்றன. விஞ்ஞானக் கற்பனை என்பது திரைச்சீலை மாற்றும் வேலைதானா? ஓரிடத்தில் மட்டும் படம் விழித்துக்கொள்கிறது: கலத்திலுள்ள பேராசிரியர் ஜேசனின் உடலை நல்ல விலைக்கு விற்கத் துடிக்கிறார், அவரது பண ஆசைக்கு மாணவர்கள் பலியாகின்றனர். இந்த இழையைப் பற்றிக்கொண்டு முன்சென்றிருந்தால்! இயக்குநர் ஜிம் ஐசக் பேராசிரியரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்.

இறுதியில் ஜேசனைத் தடுத்து நிறுத்தப் பழைய ஏரிக்கரையையே ஒளிப்பிம்பமாகப் படைக்க வேண்டியிருக்கிறது. அந்த மாயக் கரையில் அவனுக்கு இரையாக இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். மூழ்கும் சிறுவனைத் தேடிச் சமையற்கட்டிலிருந்து ஓடிவரும் தாயை எவரும் படைக்கவில்லை.