அன்பு மருந்தாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். "சார், என் ரூம்ல இருக்கிறவன் சரியாவே சாப்பிடறதில்ல. யார்கிட்டயும் பேசறதும் இல்ல. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்" என்றார். "நீ கூடவே இருப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த பருவத்தில் அந்த அறைத்தோழர் கல்லூரிக்கு வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டதாக அறிந்தேன்.

நான் சொன்ன பதில் சரிதானா? அண்மையில் படித்த ஓர் ஆங்கிலச் சித்திரக்கதை இக்கேள்வியை மீண்டும் என்முன் வைத்தது. வாசகர்களே, அக்கதையை அறிவியல் நோக்கில் சற்று ஆராய்வோம்.

கதை என்ன?

கதையின் பெயர் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. எழுதி வரைந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலிஸ் ஓஸ்மான். 2016இல் இணையத்தில் தொடராகத் தொடங்கிய இக்கதை, பின்னர் நூல்களாக வெளிவந்தது. 2022 முதல் 2024 வரை நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்து உலகெங்கும் இளைஞர்களைக் கவர்ந்தது.

ஆண்கள் பள்ளி ஒன்றில் படிக்கும் சார்லி, நிக் என்னும் இருவரின் காதலே கதை. சார்லி ஆண்கள்பால் ஈர்ப்புடையவன். அது பள்ளி முழுவதும் தெரிந்துபோனதால் ஏளனத்துக்கும் கொடுமைக்கும் ஆளானவன். நிக் ரக்பி ஆட்டக்காரன். பெண்களை மட்டுமே தான் விரும்புவதாக எண்ணியிருந்தவன், சார்லியுடன் பழகிய பின் தன் மனத்தைத் தானே ஆராயத் தொடங்குகிறான். இருபாலரிடத்தும் தனக்கு ஈர்ப்புண்டு என்று உணர்ந்து, அதைத் தன் தாயிடம் சொல்கிறான். தாய் அவனை அணைத்துக்கொள்கிறாள்.

நோய் எது? நோயல்லாதது எது?

இக்கதையின் முதற் சிறப்பு, இரண்டு செய்திகளைக் கலந்து குழப்பாமல் வைத்திருப்பது. நிக்கின் தேடலில் அச்சம் உண்டு, கண்ணீர் உண்டு; ஆனால் அதை ஆசிரியர் எங்கும் நோயாகக் காட்டவில்லை. அறிவியலின் முடிவும் இதுவே. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. இவ்வீர்ப்பை 'மாற்றுவதாக'ச் செய்யும் மருத்துவ முயற்சிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது.

அப்படியானால் சார்லிக்கு ஏன் நோய் வந்தது? அவன் தன்னைப் பற்றி ஊருக்கே தெரிந்த நிலையில் வாழ்பவன், காதலும் கைகூடியவன். ஆயினும் தன்னால் பிறருக்குத் தொல்லை என்ற எண்ணம் அவனை விடவில்லை. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறான். உணவை விலக்குகிறான். தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொண்டவன் என்பதும் தெரியவருகிறது. இடைவிடாத ஏளனமும் ஒதுக்கலும் மனநலத்தைக் கெடுக்கும் என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. நோய்க்கு வித்து அவனுடைய ஈர்ப்பில் இல்லை. அதன்பொருட்டு அவனைச் சுற்றியிருந்தோர் தந்த அழுத்தத்தில் இருக்கிறது. தன்னை ஏற்றுக்கொள்வது விளக்கின் விசையைத் தட்டுவது போன்றதன்று என்பதை இப்பாத்திரம் நன்கு உணர்த்துகிறது.

பட்டினியும் மனமும்

2021இல் வெளிவந்த நான்காம் நூலே இத்தொடரின் உயிர்ப்பகுதி என்பேன். சார்லிக்கு இருப்பது உண்ணல் கோளாறு என்று நிக் உணர்கிறான். தன் அன்பால் அவனைக் குணப்படுத்திவிடலாம் என்று முதலில் நம்புகிறான். அன்பு மட்டும் இந்நோயைத் தீர்க்காது என்பதைத் தாயின் வாயிலாக அறிகிறான்.

இது ஏன் உண்மை? ஒரு பழைய சோதனையைப் பாருங்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களை, அவர்களுடைய இசைவோடு, 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் வைத்தார். எடை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. குறைந்தது எடை மட்டுமன்று. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கினர், எரிந்து விழுந்தனர், சோர்வில் மூழ்கினர். பகலெல்லாம் உணவைப் பற்றியே எண்ணினர். இவர்கள் உண்ணல் கோளாறு உடையவர்கள் அல்லர். ஆயினும் ஒன்று தெளிவாகிறது: பட்டினி, சிந்திக்கும் மூளையையே பாதிக்கிறது. அந்த மூளையிடம் 'எனக்காகச் சாப்பிடு' என்று கெஞ்சி வென்றுவிட முடியாது. சார்லிக்கு வந்த 'அனரெக்சியா' என்னும் இந்நோய், உளநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் ஒன்று. பெண்களுக்கு மட்டுமே வருவது என்பதும் தவறு.

அப்படியானால் அன்பு வீணா? இல்லை. சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கழி அடித்தளத்தைச் சரிசெய்வதில்லை. கொத்தனார் வரும்வரை சுவர் விழாமல் காக்கிறது. நிக் செய்வதும் அதுவே. நோயைப் பற்றிப் படிக்கிறான். பெற்றோரிடம் சொல்லும்படி தூண்டுகிறான். சொல்லும்போது துணை நிற்கிறான். சார்லி மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் காலத்திலும் உறவு அறுவதில்லை. கழியே சுவரைத் தாங்க முயன்றால் கழியும் முறியும் என்பதையும் கதை மறைக்கவில்லை. நிக்கின் களைப்பும் கண்ணீரும் அங்கே இடம்பெறுகின்றன.

குறைகள்

குறைகளும் உண்டு. மருத்துவமனை நாட்கள் நூலில் விரைவாகக் கடந்துபோகின்றன. ஒவ்வொரு வேளை உணவும் ஒரு போராட்டமாக இருப்பதை இன்னும் விரிவாக வரைந்திருக்கலாம். சார்லியைச் சுற்றி அன்பான அக்காளும் நண்பர்களும் நிறைந்திருக்கிறார்கள். இத்துணை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் சொல்லவே முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இக்கதையில் விடை குறைவு. குணம் மெல்ல வரும், இடையில் சறுக்கும் என்று கதை சொல்லத்தான் செய்கிறது. எனினும் இனிய ஓவியங்களில் மனம் தோய்ந்துவிட்ட வாசகர் அதைக் கவனிக்கத் தவறலாம்.

இருப்பினும், காதல் கதைகள் பெரும்பாலும் கூசும் ஒன்றை இக்கதை துணிந்து செய்கிறது. காதலனின் கையைப் பற்றியபடியே மருத்துவரின் கதவைத் தட்டச் சொல்கிறது. காதலின் பெருமை இதனால் குறையவில்லை, கூடுகிறது.

அன்று அந்த மாணவருக்கு நான் பாதிப் பதிலைத்தான் சொன்னேன். 'கூடவே இரு' என்பது சரி. 'அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவோம், நானும் வருகிறேன்' என்பது விடுபட்ட மறுபாதி. உங்கள் நண்பர் எவரேனும் இந்நிலையில் இருந்தால் அந்தப் பாதியை நீங்கள் விட்டுவிடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.