பின்பக்க அட்டவணை

புள்ளியியல் மாணவரின் பாடநூலில் அதிகம் அழுக்கேறியிருப்பது கடைசிப் பக்கங்கள்தான். இயல்நிலைப் பரவலின் பரப்பு அட்டவணை அங்கே இருக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் அது இசட் டேபிள். பொடி எழுத்தில் நெருக்கமாக நிற்கும் எண்கள். வரிசை தவறாமலிருக்க அடிஸ்கேலை வைத்து, இடது ஓரத்தில் 1.9 வரை விரலை இறக்கி, மேலே .06 என்ற பத்தியிலிருந்து இன்னொரு விரலைக் கொண்டுவந்தால், இரண்டும் சந்திக்குமிடத்தில் 0.4750. இரு பக்கமும் சேர்த்து 95 சதவீதம். பருவத்தேர்வு அறையில் இந்த அட்டவணைத் தாள்கள் மேசைக்கு மேசை சரசரத்தபடி கைமாறும். முன்பு எழுதியவர்களின் மங்கிய பென்சில் கோடுகள்கூட அவற்றில் தெரியும்.

கணினியில் ஆர் மென்பொருள் கேட்ட எண்ணை நொடியில் தருகிறது. அட்டவணை அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறது, எனக்குப் பிடித்தது அதுதான். 0.4500ஐத் தேடிப் போனால் அது அங்கே இல்லை: 1.64க்கு 0.4495, 1.65க்கு 0.4505. சரியாக நடுவில் பிளந்து 1.645 என்று எழுதும்போது ஒரு சின்ன திருப்தி. 0.0 வரிசையிலிருந்து 0.1க்கு இறங்கினால் பரப்பு 0.0398 கூடுகிறது, 3.0இலிருந்து 3.1க்கு வெறும் 0.0003. பொறுமையாக விரலை ஓட்டிப் பார்ப்பவருக்கு மணி வளைவின் வால் மெலிவது படமே இல்லாமல் புரிந்துவிடும்.