வெட்டலாமா, கூடாதா?

கருப்பு வெள்ளையில் வெளிப்புறக் காட்சி எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு மூளும்: எடுத்த படத்தை வெட்டலாமா, கூடாதா?

வெட்டும் கட்சிக்கு மூத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1893 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், பனிப்புயலில் மூன்று மணி நேரம் காத்திருந்து, எதிரே வந்த குதிரை வண்டியைக் கைக்கேமராவில் எடுத்தார். புகழ்பெற்ற அந்தப் படம் நெகட்டிவின் ஒரு பகுதிதான். கைக்கேமரா நெகட்டிவில் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்குவதே முறை என்று 1897இல் எழுதவும் செய்தார்.

எதிர்க்கட்சி கலிஃபோர்னியாவில் உருவானது. 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் கண்காட்சி வைத்த 'எஃப் 64' குழுவில் எட்வர்ட் வெஸ்டனும் ஆன்சல் ஆடம்ஸும் இருந்தார்கள். வெஸ்டனின் 8×10 அங்குல நெகட்டிவ் அதே அளவில் தாளோடு ஒட்டிப் பிரின்ட் ஆகும், என்லார்ஜருக்கு வேலையில்லை. கருப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தேய்த்த கண்ணாடியைப் பார்த்தால் காட்சி தலைகீழாகத் தெரியும். மரம், பாறை என்ற பெயர்கள் மறைந்து, கருமையும் வெண்மையும் எங்கெங்கே கனக்கின்றன என்பதுதான் கண்ணில் படும். வெட்டுக்குரிய முடிவை இவர்கள் அங்கேயே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தொனியைத் தீர்மானிப்பதும் சட்டம் கட்டுவதில் சேர்த்திதான். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனம் ஒப்பவில்லை. மிஞ்சிய ஒரே பிளேட்டை அடர்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். நீலத்தை அது தடுத்ததால் வானம் ஏறக்குறையக் கருத்தது. பாறை முன்னுக்கு வந்தது. வெளிறிய வானமாக இருந்திருந்தால் கண் மேல் மூலைக்கு ஓடியிருக்கும்.

வெட்டமாட்டேன் என்பதில் பெயர் எடுத்தவர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன். ஆனால் பாரிஸில் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் ஒருவர் தண்ணீரைத் தாண்டும் அவரது 1932ஆம் ஆண்டுப் படம் வேலிப் பலகை இடுக்கு வழியே எடுத்தது; ஓரத்தில் விழுந்த பலகையை வெட்டித்தான் அச்சிட்டார்கள். விரதத்துக்கும் விலக்கு உண்டு!

சத்தியம் செய்தவர்களையும் தாள் விடாது. 35 மி.மீ. ஃபிலிமின் சட்டம் 36×24 மி.மீ. அதை 8×10 தாளில் ஓரம் விடாமல் அச்சிட்டால் நீளத்தில் 6 மி.மீ., அதாவது ஆறில் ஒரு பங்கு, போய்விடும். டிஜிட்டலில் வேறு கணக்கு: நீளம் அகலம் இரண்டையும் பாதியாக்கினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். வெட்டு இலவசமில்லை.

என் தீர்ப்பில் வெட்டியதா என்பது கேள்வியே இல்லை; விளிம்பு நிற்கிறதா என்பதே கேள்வி. எல் வடிவில் இரண்டு அட்டைகளை வெட்டிப் பிரின்ட்மேல் நகர்த்திப் பாருங்கள். மூலையில் துருத்தும் வெள்ளைத் திட்டு ஒன்று மறைந்ததும் படம் அடங்கினால், அந்த வெட்டு நியாயம். எதை எடுத்தோம் என்பதே வெட்டிய பிறகுதான் புலப்படுகிறதென்றால் அது கேமராவில் செய்யாமல் விட்ட வேலை. நடுவர் நாற்காலியில் அமரும் நண்பர்களே, நெகட்டிவைக் கேட்காதீர்கள். சுவரில் தொங்கும் பிரின்ட்டுக்கு மதிப்பெண் போடுங்கள்.