காசிராஜா யாருக்கு அப்பன்?

மதுரை வீரன் கதையில் காசிராஜாவுக்கு ஒரே ஒரு வேலைதான். பிள்ளை கொடி சுற்றிப் பிறக்கிறது. குலத்துக்கு ஆகாது என்று சோசியர்கள் சொல்கிறார்கள். காட்டில் போடச் சொல்கிறான். அதோடு சரி, அப்புறம் ஆளைக் காணோம். காட்டில் கிடந்த பிள்ளையை எடுத்து வளர்ப்பது சக்கிலியத் தம்பதி.

இந்த ராஜாவை எடுத்துவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். பொம்மியோடு வீரன் போவது, பொம்மண நாயக்கன் படையோடு துரத்துவது, திருமலை நாயக்கர் மதுரையில் வெள்ளையம்மாள் விவகாரத்தில் மாறுகால் மாறுகை வாங்குவது, எதுவும் கெடாது. சக்கிலிய அப்பனை எடுத்துப் பாருங்கள், பொம்மண நாயக்கன் துரத்தக் காரணமே இல்லை. எது உடம்பு, எது ஒட்டு என்று பிரதியே காட்டிக்கொடுக்கிறது.

முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணக் குழந்தைகளாகப் பிறந்தவர்கள் என்பது பின்னால் செருகப்பட்டது என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். 1956-இல் வந்த 'மதுரை வீரன்' படத்தில் எம்.ஜி.ஆர். ராஜா பெற்ற பிள்ளை; வளர்த்தவர்கள் என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும். வீரத்தைக் காசிக்கு எழுதிவைத்துவிட்டு சிரிப்பைச் சேரிக்கு விட்டார்கள்.

எங்கள் போடிக்குப் பேரே நாயக்கர் பேர். முன்னோர் வடக்கே குத்தியிலிருந்து வந்ததாக ஜமீன் குடும்ப மரபு சொல்லும். இப்படிப்பட்ட பாளையக்காரர் வம்சாவளிகள் மெக்கன்சி சேகரிப்பில் நிறைய உண்டு. உண்மையோ புனைவோ, அதை வைத்து அவர்கள் பாளையமும் பட்டமும் கேட்டார்கள். காசிராஜாவால் நமக்கு என்ன கிடைத்தது? ஒரு சென்ட் நிலம் இல்லை. இருந்த ஒரு பிள்ளையும் கைவிட்டுப் போனான்.

இன்று நம்மிலும் சிலர் ராஜ பரம்பரை தேடுகிறார்கள். அந்த வலி புரியாமல் இல்லை. 1989-இல் போடி எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரியும். ஆனால் ராஜா மகன் என்றால்தான் வீரனாக முடியும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, செருப்புத் தைத்த அப்பனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற ஒரு பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்டேன். அவள் சொன்னதில் காசியே வரவில்லை. ஏன் பாட்டி விட்டுட்டீங்க என்றேன்.

"போட்டுட்டுப் போனவன் பேரு எதுக்குய்யா? தூக்கி வளத்த எங்காளு பேரச் சொல்லு."