பாடநூல் ஓரத்துக் கட்டம்

2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று இடம்பிடித்தது: கியூஆர் கோடு. 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது, இங்கே 'அ, ஆ' சொல்லித்தர வந்துவிட்டது!

டீச்சர் செல்போனில் திக்‌ஷா செயலியைத் திறந்து கட்டத்தின் மேல் காட்டினால் பாட்டோ அசைபடமோ ஓடும். கேமரா மக்கர் செய்தாலும் கவலையில்லை. கட்டத்தோடு அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டினால் போதும். சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது, படம் சூடுபிடிக்கும் நேரத்தில் டீச்சர் அதை நிறுத்தும் இடம். "அடுத்து என்ன நடக்கும், சொல்லுங்க கண்ணுகளா?" உடனே ஆளுக்கொரு கதை கிளம்பும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.